இலவசச் செயலிகளுக்கு அடையாறு கொடுக்கும் விலை

அடையாறு டைம்ஸ் என்ற இலவச வாரப் பத்திரிகையைத் தெரியாத வீடு இந்த வட்டாரத்தில் குறைவு. திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால் அதே வகையில் மயிலாப்பூர் டைம்ஸ். 1994-இல் வின்சென்ட் டிசௌசா தொடங்கியது. இரண்டுக்கும் வாசகர் காசு கொடுப்பதில்லை. வீடு வாடகைக்கு, வீணை வகுப்பு, பல் மருத்துவர், கேட்டரிங், பழைய பீரோ விற்பனை என்று உள்ளூர்க்காரர்கள் தரும் விளம்பரப் பணத்தில் தாள் அச்சாகி வாசலுக்கு வந்து சேர்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. விளம்பரம் கொடுத்தவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காந்தி நகர், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், பெசன்ட் நகர் வீடுகளுக்கு இந்தத் தாள் போகிறது. எந்த வீட்டில் யார் பிரித்தார், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் கண் நின்றது, அவருக்குச் சர்க்கரை நோயா, மகளுக்கு வரன் பார்க்கிறாரா, கடனில் இருக்கிறாரா என்பது அச்சிட்டவருக்கும் தெரியாது, விளம்பரம் கொடுத்தவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

செல்போனில் இருக்கும் கூகுள் தேடல், யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வானிலை ஆப், டார்ச் ஆப், சீட்டு விளையாட்டு எல்லாமும் விளம்பரப் பணத்தில்தான் ஓடுகின்றன. ஆகவே அவையும் அந்த வாரப் பத்திரிகை மாதிரிதான் என்று பலர் நினைக்கிறார்கள். ‘விளம்பரம் வந்தால் என்ன, ஸ்கிப் பண்ணிவிட்டுப் போகிறேன்’ என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. எனக்கும் விளம்பரத்தின் மேல் கோபம் இல்லை. என் புகார் எல்லாம், விளம்பரத்தைச் சாக்காக வைத்து ஆளைப் பின்தொடர்வதன் மேல்தான். இரண்டும் வேறு வேறு. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

முதலில் பணம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். 2024-இல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் மொத்த வருமானம் ஏறக்குறைய 35,000 கோடி டாலர். அதில் விளம்பரத்தில் வந்தது சுமார் 26,460 கோடி டாலர், அதாவது நான்கில் மூன்று பங்கு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டாவுக்கு அதே ஆண்டு 16,450 கோடி டாலர் வருமானம்; அதில் 16,060 கோடி விளம்பரத்திலிருந்து வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேல்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவும் ஒரு கணக்கு உண்டு. 2023-இன் கடைசி மூன்று மாதத்தில் ஃபேஸ்புக் தன் ஆசிய-பசிபிக் பயனர் ஒருவரிடமிருந்து சராசரியாக 5.52 டாலர் சம்பாதித்ததாகத் தன் முதலீட்டாளர்களிடம் சொன்னது. அமெரிக்கா, கனடா பயனரிடமிருந்து 68.44 டாலர். நம் பக்கத்துக் கணக்கை ரூபாயில் மாற்றினால் மூன்று மாதத்துக்கு 450 ரூபாய் சொச்சம். மாதம் 150 ரூபாய். ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்த சராசரி இது, இந்தியாவுக்கு இன்னும் குறைவாகத்தான் இருக்கும். மாதம் 150 ரூபாய்க்கும் கீழான ஒரு வருமானத்துக்காகத்தான் நம் வீட்டு விவரங்கள் இத்தனை தூரம் பயணம் போகின்றன.

இந்தப் பணத்தை நாம் கொடுக்கவில்லை, விளம்பரதாரர்தானே கொடுக்கிறார் என்று தோன்றும். விளம்பரதாரர் யாரிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறார்? இதற்குத் திரு.வி.க. பாலத்துக்கு அந்தப் பக்கமே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

எம்.ஆர்.சி. நகரில் மேட்ரிமோனி டாட் காம் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி ஆகிய வரன் தேடும் தளங்களின் நிறுவனம். முன்பு கான்சிம் இன்ஃபோ என்று பெயர். ஒருவர் கூகுளில் ‘பாரத் மேட்ரிமோனி’ என்று அந்தப் பெயரையே தட்டித் தேடினாலும், முடிவுகளுக்கு மேலே போட்டி நிறுவனங்களின் விளம்பரம் வந்து நின்றது. காரணம், கூகுள் தேடல் சொற்களை ஏலத்தில் விடுகிறது. யார் வேண்டுமானாலும் எந்தச் சொல்லுக்கும் விலை கேட்கலாம், அது இன்னொருவர் கடையின் பெயராக இருந்தாலும்கூட. தன் பெயரைத் தேடி வரும் வாடிக்கையாளர் தன்னிடமே வந்து சேர வேண்டுமானால், தன் பெயருக்குத் தானே ஏலம் கேட்டாக வேண்டும்.

நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் தந்த தீர்ப்பு, இணைய விளம்பரமும் வணிகச் சின்னமும் பற்றி இந்தியாவில் வந்த முதல் விரிவான தீர்ப்புகளில் ஒன்று. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ‘பாரத்’, ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ எல்லாம் பொதுச் சொற்கள் என்பது நிறுவனத்துக்கு எதிராகப் போனது. கேட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. பிறகு 2012-இல் அதே நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஜெய்ப்பூரின் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் தனியாகப் புகார் கொடுத்தது. 2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தேடல் பக்கத்தில் தன் சேவைகளுக்குத் தானே நல்ல இடம் கொடுத்துக்கொண்டது என்பது குற்றச்சாட்டில் நிரூபணமான பகுதி. சொல் ஏலம் பற்றிய புகாரை மட்டும் ஆணையம் ஏற்கவில்லை. ஆக, ஏலம் இன்றும் நடக்கிறது.

பெரிய நிறுவனங்கள் இரண்டு அடித்துக்கொண்டால் நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. வரன் தேடும் தளத்துக்குப் பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும் கட்டும் சந்தாவில்தான் அந்த ஏலத் தொகை அடங்கியிருக்கிறது. எல்.பி. ரோட்டில் புதிதாகத் திறந்த கண் மருத்துவமனை ‘அடையாறு கண் டாக்டர்’ என்ற தேடலில் மேலே வருவதற்குக் கொடுக்கும் பணம் கன்சல்டிங் ஃபீஸில் இருக்கிறது. ஏ.சி. மெக்கானிக், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ், டியூஷன் சென்டர், பி.ஜி. ஹாஸ்டல் எல்லோருக்கும் இதே கதி. ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. வந்த ஆள் போன் பேசாமல் போய்விட்டாலும் காசு. ஒருவர் ஏலத்தில் ஏற்றினால் அடுத்தவரும் ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் பக்கத்தின் அடியில் காணாமல் போவார். இதில் கூடுவது எவர் கடையின் தரமும் இல்லை, செலவு மட்டும்தான். கூகுளையே தொடாத பெரியவர்கூட அந்த மெக்கானிக்குக்கு அதே கட்டணம்தான் கொடுக்கிறார். இலவசச் சேவையின் விலையை அதைப் பயன்படுத்தாதவரும் சேர்ந்து கட்டுகிறார் என்பது பலரும் யோசிக்காத சங்கதி.

இன்னொரு வகை ஏலம் இருக்கிறது. இது இன்னும் கவலைக்குரியது, ஏனென்றால் இங்கே ஏலத்துக்கு வருவது நாம்.

ஒரு செய்தித் தளத்தையோ விளையாட்டு ஆப்பையோ திறக்கிறீர்கள். பக்கம் முழுதாக விரிவதற்குள், கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவில், உங்களைப் பற்றிய ஒரு சிறு குறிப்பு விளம்பரச் சந்தைக்குப் போகிறது. என்ன போன், எந்த ஊர், சில சமயம் எந்தத் தெரு, எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள், போனுக்கு ஒதுக்கப்பட்ட விளம்பர அடையாள எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயர் இருக்காது. ஆனால் அந்த எண் மாறாமல் கூடவே வருவதால் நேற்று, போன வாரம், போன மாதம் நீங்கள் எங்கே இருந்தீர்கள், எதைப் பார்த்தீர்கள் என்பதை ஒரே நூலில் கோத்துவிட முடியும். இரவெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் போனின் வீடு எது என்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

அந்தக் குறிப்பு ஒரே நேரத்தில் பல நிறுவனங்களுக்குப் போகிறது. யார் அதிகம் கேட்கிறாரோ அவர் விளம்பரம் உங்கள் திரையில் வரும். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் தோற்றவர் வெறும் கூடையோடு திரும்புவார். இந்த ஏலத்தில் தோற்றவர்களும் குறிப்பைப் பார்த்துவிட்டார்கள். அதைச் சேர்த்து வைக்கக்கூடாது என்று விதி இருந்தாலும், யார் சேர்த்து வைத்தார் என்று சரிபார்க்க ஆள் இல்லை. அயர்லாந்தின் குடிமை உரிமைக் கவுன்சில் 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஒரு சராசரி ஐரோப்பியரின் நடமாட்டமும் பார்வையும் இப்படி ஒரு நாளைக்கு 376 முறை ஏலச் சந்தைக்குப் போகிறது. அமெரிக்கருக்கு 747 முறை. ஐரோப்பாவில் இதைக் கட்டுப்படுத்தச் சட்டமும் ஒழுங்குமுறை அமைப்புகளும் நம்மைவிட முன்பே வந்துவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்.

இது அடையாற்றில் எங்கே உறைக்கும் என்று கேட்டால், நான் புற்றுநோய் மருத்துவமனையைக் காட்டுவேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய கேன்சர் இன்ஸ்டிடியூட் இன்று காந்தி நகரில் ஒன்று, சர்தார் பட்டேல் சாலையில் ஒன்று என இரண்டு வளாகங்களாக வளர்ந்திருக்கிறது. டாக்டர் சாந்தா தன் வாழ்நாளையே அங்கே கொடுத்தார். தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கூட வந்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன ஆங்கிலச் சொல்லை போனில் தேடுகிறார். பிழைப்பாரா, எவ்வளவு செலவாகும், வேறு வைத்தியம் உண்டா என்று தேடுகிறார். ஒரு மனிதரின் வாழ்க்கையில் இதைவிட அந்தரங்கமான கேள்வி கிடையாது. வீட்டில் அம்மாவுக்கே இன்னும் சொல்லாத செய்தியாக இருக்கலாம். அந்தக் கேள்வி முதலில் போய்ச் சேரும் இடம் ஒரு விளம்பர நிறுவனத்தின் கணினி.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஒருவரின் நோயை வைத்து ஆளைக் குறிவைக்கும் விளம்பரத்தைக் கூகுள் தன் விதிகளில் தடை செய்திருக்கிறது. மெட்டாவும் 2022 ஜனவரியில் உடல்நலம் சார்ந்த பல குறிவைப்புப் பிரிவுகளை நீக்கியது. ஆனால் விவரம் கசிவது அவர்கள் வாசலில் மட்டும் நடப்பதில்லை. மருந்துக் கடை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ஆலோசனைத் தளங்கள் தங்கள் பக்கத்துக்குள் விளம்பர நிறுவனங்களின் சிறு நிரல் துண்டுகளைப் பதித்து வைக்கின்றன. அவை வழியே தகவல் போகிறது. அமெரிக்காவில் மருந்து விலைத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ், தன் பயனர்களின் மருந்து, நோய் விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்குக் கொடுத்ததற்காக 2023 பிப்ரவரியில் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே, மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் அதே வகைக் குற்றச்சாட்டுக்கு 78 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தது. மனச்சோர்வுக்கு உதவி கேட்டு வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை விளம்பரத்துக்காக அனுப்பியிருந்தார்கள்.

இன்ஸ்டிடியூட் தொடங்கிய அதே 1954-இல்தான் இந்திய நாடாளுமன்றம் மருந்துகள், மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம் என்று சொல்லும் சட்டம். அதன் அட்டவணையில் புற்றுநோய் இருக்கிறது. துன்பத்தில் இருப்பவரிடம் பொய் நம்பிக்கை விற்பதை அன்றே தடுக்க நினைத்தார்கள். நாளிதழில் அப்படியொரு விளம்பரம் வந்தால் லட்சம் பேர் பார்ப்பார்கள். அவர்களில் ஒரு டாக்டரோ வக்கீலோ புகார் கொடுப்பார். போனில் வரும் விளம்பரம் அப்படி இல்லை. யாரிடம் எடுபடுமோ அவருக்கு மட்டும் காட்டப்படுகிறது. அவரோ பயத்தில் இருப்பவர், புகார் கொடுக்கும் மனநிலையில் இல்லாதவர். மெட்டாவுக்கு ஒரு விளம்பர நூலகம் உண்டு, யாரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் நம் நாட்டில் வணிக விளம்பரம் ஓடி முடிந்ததும் அங்கிருந்து மறைந்துவிடும். ஒரு சமூகம் தன் கண்ணால் பார்த்துக் கண்டிக்க முடியாத விளம்பரம் என்பது 1954-இல் சட்டம் எழுதியவர்கள் கற்பனை செய்யாத ஒன்று. மறைவான விலைகளிலேயே பெரியது இதுதான் என்பது என் எண்ணம்.

இதே ஓட்டை வழியாகத்தான் மோசடி விளம்பரங்களும் வருகின்றன. பிரபல தொழிலதிபர் பேசுவது போன்ற போலி வீடியோ, ‘ஷேர் மார்க்கெட் டிப்ஸ் இலவசம்’ என்ற அழைப்பு, அதைத் தட்டினால் ஒரு வாட்ஸ்அப் குழு, அங்கிருந்து போலி டிரேடிங் ஆப். ஓய்வூதியப் பணத்தை இழந்தவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. 2024-இல் இந்தியர்கள் இணைய மோசடிகளில் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இதில் எல்லாமே விளம்பரம் வழியாக நடந்தவை அல்ல.

ஆனால் விளம்பரத்தை வெளியிடும் நிறுவனங்களுக்கு இதில் பங்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2025 நவம்பரில் மெட்டாவின் உள் ஆவணங்களை வெளியிட்டது. 2024 வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,600 கோடி டாலர், மோசடி மற்றும் தடை செய்யப்பட்ட பொருள்களின் விளம்பரத்திலிருந்து வரும் என்று நிறுவனமே மதிப்பிட்டிருந்ததாக அந்தச் செய்தி சொன்னது. ஒரு விளம்பரதாரர் மோசடிக்காரர் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் வெளியேற்றுவார்களாம். சந்தேகம் அதற்குக் குறைவாக இருந்தால் கூடுதல் விலை வாங்கிக்கொண்டு விளம்பரத்தை விடுவார்களாம். அந்த மதிப்பீடு தோராயமானது, தேவைக்கு மேல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது என்று மெட்டா மறுத்தது. மறுப்பையும் சேர்த்தே படியுங்கள். ஆனாலும் சந்தேகத்துக்குரியவரிடம் கூடுதல் விலை வாங்குவது எந்த வகைக் காவல் என்ற கேள்விக்கு அந்த மறுப்பில் பதில் இல்லை.

வாட்ஸ்அப் கதை நம் எல்லோருக்கும் நெருக்கமானது. அப்பார்ட்மென்ட் அசோசியேஷன், பள்ளி வகுப்பு, குடும்பக் குழு, பால்காரர், மருந்துக்கடை என்று அடையாற்றின் அன்றாடமே அதில்தான் நடக்கிறது. ‘நாங்கள் ஏன் விளம்பரம் விற்பதில்லை’ என்று 2012-இல் ஒரு அறிக்கை எழுதி, பயனரின் விவரம் எங்களுக்கு வேண்டாம் என்று சொன்ன நிறுவனம் அது. சில நாடுகளில் ஆண்டுக்கு ஒரு டாலர் கட்டணம் கேட்டார்கள். 2014-இல் ஃபேஸ்புக் அதைச் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2016 ஜனவரியில் ஒரு டாலர் கட்டணம் ரத்தானது, எல்லோரும் மகிழ்ந்தோம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபேஸ்புக்கோடு விவரம் பகிரும் புதிய கொள்கை வந்தது. அப்போது மறுக்க ஒரு வாய்ப்பாவது கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் வந்த கொள்கையில் அதுவும் இல்லை. ஏற்றால் தொடரலாம், இல்லையென்றால் விலகிப் போகலாம் என்ற தொனி. மொத்தக் குடும்பமும் பள்ளியும் அதில் இருக்கும்போது விலகுவது எப்படி?

இந்தியப் போட்டி ஆணையம் அதைத்தான் கேட்டது. 2024 நவம்பர் 18 அன்று மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டு, விளம்பரத்துக்காக விவரம் பகிர்வதை ஐந்து ஆண்டுக்கு நிறுத்தச் சொன்னது. மேல்முறையீட்டில் 2025 நவம்பரில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. இதற்கிடையில் 2025 ஜூனில் வாட்ஸ்அப்பின் ‘அப்டேட்ஸ்’ பக்கத்தில் விளம்பரம் வரும் என்று மெட்டா அறிவித்தது. செய்திகளின் உள்ளடக்கம் பூட்டித்தான் இருக்கிறது. அதைப் படிப்பதாக நான் சொல்லவில்லை. யாரோடு, எப்போது, எந்தக் கடையோடு, எந்த போனிலிருந்து பேசுகிறோம் என்ற விவரங்கள் அந்தப் பூட்டுக்கு வெளியே இருக்கின்றன. தவிர, தொடர்புப் பட்டியலைத் திறந்துவிட்டால் வாட்ஸ்அப்பே வைத்திராத நம் பாட்டியின் எண்ணும் அங்கே போகிறது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

மறைவான மற்ற விலைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். விளம்பர வீடியோக்கள் இறங்குவது நாம் காசு கொடுத்த டேட்டாவில். பின்தொடரும் நிரல்கள் பேட்டரியைத் தின்கின்றன. நாம் எவ்வளவு நேரம் திரையில் இருக்கிறோமோ அவ்வளவு விளம்பரம் விற்கலாம் என்பதால், எழுந்து போகாமல் உட்கார வைப்பதே அந்தச் செயலிகளின் வேலையாகிவிட்டது. பிள்ளைகளின் தூக்கத்திலும் படிப்பிலும் அது தெரிகிறது. இணைய விளம்பரச் சந்தையின் நடுவில் நிற்கும் ஏலக்கூடமும் கூகுளுடையதே. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிபதி லியோனி பிரிங்கெமா, கூகுள் இந்தச் சந்தையின் பகுதிகளில் சட்டவிரோத ஏகபோகம் செலுத்துகிறது என்று தீர்ப்பளித்தார். அந்த 20 சதவீதம் செய்தித் தளங்களுக்கே கிடைத்திருந்தால் செய்தியாளர் சம்பளத்துக்குப் போயிருக்கலாம். உள்ளூர்ச் செய்திக்கு ஆள் இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்த்தரப்பு வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இலவசமாக யூடியூப் இல்லாவிட்டால், கோச்சிங்குக்குக் கட்ட முடியாத பிள்ளை கணக்கும் இயற்பியலும் எங்கே படித்திருக்கும்? ஊரூர் குப்பத்து மீனவர் காற்றையும் அலையையும் போனில் பார்ப்பதும், வளைகுடாவில் இருக்கும் மகனோடு தாய் முகம் பார்த்துப் பேசுவதும் இலவசத்தால் வந்தவை. மாதச் சந்தா என்றால் இவர்களில் பலர் வெளியே நின்றிருப்பார்கள். உண்மை.

ஆனால் அந்த வாதம் விளம்பரத்தை நியாயப்படுத்துகிறது, பின்தொடர்வதை நியாயப்படுத்தவில்லை. கணக்குப் பாடம் பார்ப்பவருக்குப் பேனா விளம்பரம் காட்ட, அவர் நேற்றிரவு எங்கே தூங்கினார் என்று தெரிய வேண்டியதில்லை. மயிலாப்பூர் டைம்ஸும் அடையாறு டைம்ஸும் பல பத்தாண்டு காலம் யாரையும் பின்தொடராமல் இலவசமாக வந்திருக்கின்றன. பின்தொடர்ந்தால் வருமானம் கூடும், அவ்வளவுதான். எவ்வளவு கூடும் என்பதற்கும் ஒரு அளவு கிடைத்தது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் போன்களில் ‘இந்தச் செயலி உங்களைப் பின்தொடரலாமா?’ என்று ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். அந்த ஒரு கேள்வியால் 2022-இல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே சொன்னது. கேட்டால் மக்கள் மறுப்பார்கள் என்று அதுவரை கேட்காமலே இருந்திருக்கிறார்கள்.

வேறு வழி உண்டா என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த ஸ்ரீதர் வேம்பு தம்பிகளோடும் நண்பர்களோடும் 1996-இல் தொடங்கிய நிறுவனம் இன்று ஜோஹோ. விளம்பர வருமானம் வேண்டாம் என்பதை அது கொள்கையாகவே வைத்திருக்கிறது. 2020-இல் தன் தளங்களிலிருந்து வெளியார் பின்தொடரும் நிரல்களை அகற்றியது. நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்றுச் சம்பாதிக்கிறது. அதன் ‘அரட்டை’ என்ற செய்திச் செயலி 2025 செப்டம்பர், அக்டோபரில் நாடு முழுதும் பரபரப்பாகப் பேசப்பட்டது. அந்தச் சமயத்தில் அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர யாரும் படிக்க முடியாத முழு மறையாக்கம் அதன் எழுத்துச் செய்திகளுக்கு வந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விளம்பரம் இல்லை என்பதும் பாதுகாப்பு முழுமை என்பதும் ஒன்றல்ல. நம் ஊர் நிறுவனம் என்பதற்காக அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது. ஐரோப்பாவில் 2023-இல் மெட்டா, விளம்பரம் இல்லாத ஃபேஸ்புக் வேண்டுமானால் மாதம் 9.99 யூரோ கொடுங்கள் என்றது. இது எனக்கு உடன்பாடில்லாத தீர்வு. பணம் உள்ளவருக்கு மட்டும் தனிமை என்று ஆகிவிடும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியவை. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் கூகுள் பகுதிக்குப் போய், விளம்பரங்கள் என்ற இடத்தில் விளம்பர ஐடியை நீக்கிவிடுங்கள். மேலே சொன்ன ஏல நூலின் முடிச்சு அந்த எண்தான். டார்ச் ஆப்புக்கும் சீட்டு விளையாட்டுக்கும் இருப்பிடம், தொடர்புப் பட்டியல் இரண்டையும் கொடுக்காதீர்கள். வரைபடத்துக்குக் கொடுத்தாலும் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ போதும். நோய் பற்றிய சந்தேகத்தை மருத்துவமனையில் டாக்டரிடமோ சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள். போனில் தேடித்தான் ஆக வேண்டுமென்றால் ‘ஸ்பான்சர்ட்’ என்று குறியிட்ட முடிவுகளைத் தாண்டிக் கீழே போங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

தனி ஆளாக இவ்வளவுதான் முடியும். மீதி சட்டத்தின் வேலை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. அதன் தொடர்ச்சியாக 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் இந்தச் சட்டம் தடை செய்கிறது. மற்றவர்களிடம் வாங்கும் ஒப்புதல் சுதந்திரமானதாக, தெளிவானதாக, அந்த வேலைக்குத் தேவையான விவரத்தோடு நிற்பதாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறினால், மீறலின் வகையைப் பொறுத்து, 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

இதில் நம்மில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குக் கொடுத்தாக வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. முப்பது பக்க ஆங்கிலத்துக்கு அடியில் ‘ஏற்கிறேன்’ என்று கட்டைவிரல் வைக்கும் காலத்தை முடித்து வைக்க இந்த ஒரு பிரிவு போதும், நாம் கேட்டால். பிள்ளைகளைப் பற்றிய தடையும், அறிவிப்பும் ஒப்புதலும் பற்றிய விதிகளும் 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. அன்றிலிருந்து எந்தச் செயலி உங்களிடம் சம்மதம் கேட்டாலும் அதைத் தமிழில் காட்டச் சொல்லுங்கள். படித்துப் பார்த்து, வேண்டாததற்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.